நாலு பேர், ஒரே ரன்: நண்பர்களோடு ரோக்லைக் சுடும் கேம் ஆடத் தொடங்குபவர்களுக்கு

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து முதன்முறையாக ஒரு ரோக்லைக் சுடும் கேமைத் திறந்தால், பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் நாலு பேரும் செத்திருப்பார்கள். கணக்குப் பட்டியல் ஒன்று திரையில் வந்து போகும். அப்புறம் மறுபடி முதல் நிலை, முதல் அறை, கையில் ஆரம்பத் துப்பாக்கி. வழியில் எடுத்த ஆயுதங்கள், சேர்த்த காசு, கூட்டிக்கொண்ட ஹெல்த் ஒன்றும் மிஞ்சியிருக்காது. "சேவ் ஆகலையா?" என்று யாராவது ஒருவர் கேட்பார். ஆகாது. சீட்டாட்டத்தில் ஒரு சுற்று முடிந்ததும் கட்டைக் கலைத்து மறுபடி போடுவதுபோல, இங்கே ஒவ்வொரு ஆட்டமும் புதிதாகப் போடப்படுகிறது. ஆரம்பத்திலிருந்து சாவு அல்லது வெற்றி வரை போகும் அந்த ஒரு முழு ஆட்டத்துக்குத்தான் 'ரன்' என்று பெயர்.

தனியாக ஆடி நன்றாகத் தேறியவர்கள்கூட நண்பர்களோடு சேரும்போது தடுமாறுகிறார்கள். ஆளுக்கொரு ரன் ஆடுவதாக நினைத்துக்கொள்வதே அதற்குக் காரணம். நாலு பேர் இருந்தாலும் ரன் ஒன்றுதான். கிடைக்கும் ஒவ்வொரு பொருளும், செலவாகும் ஒவ்வொரு விநாடியும் அந்த ஒரே ரனின் கணக்கில் சேர்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பெயர் எங்கிருந்து வந்தது

இந்த கேம்களுக்கு இரண்டு வேர்கள். ஒன்று 'ரன் அண்ட் கன்', அதாவது ஓடிக்கொண்டே சுடுவது. 1987-இல் கொனாமி வெளியிட்ட காண்ட்ராவும் 1996-இல் வந்த மெட்டல் ஸ்லக்கும் இந்த வகையின் முகங்கள். இரண்டையுமே இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். கூட்டாக ஆடுவதன் முதல் சிக்கலும் காண்ட்ராவிலேயே இருக்கிறது. அருவி நிலையில் மேலே ஏறவேண்டும். ஒருவர் வேகமாக ஏறினால் திரையும் அவரோடு மேலே போகும், கீழே நின்றவர் திரையின் அடிவிளிம்பில் சிக்கிச் சாவார். எதிரி யாரும் கொல்லவில்லை, நண்பரின் அவசரம் கொன்றது. இன்றைய கேம்களிலும் இதே சாவு வேறு வேறு வேஷத்தில் வந்துகொண்டேயிருக்கிறது.

இன்னொரு வேர் 'ரோக்லைக்'. அந்தச் சொல் 1980-இல் வந்த ரோக் என்ற கணினி விளையாட்டிலிருந்து பிறந்தது. எழுத்துகளாலேயே வரையப்பட்ட பாதாள அறைகள், ஒவ்வொரு முறையும் வேறு வரைபடம், செத்தால் முதலிலிருந்து. அந்த இரண்டு விதிகளையும் சுடும் கேமுக்குள் கொண்டுவந்தால் நாம் பேசும் வகை கிடைக்கும். காண்ட்ராவின் வீட்டுக் கன்சோல் பதிப்பில் பொத்தான்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும். நிலைகளோ என்றும் மாறாதவை, மனப்பாடம் செய்யலாம். ரோக்லைக்கில் உயிர் ஒன்று, மனப்பாடம் செய்ய வரைபடமே கிடையாது.

வரைபடம் எப்படி ஒவ்வொரு முறையும் மாறுகிறது? கேம் முதலில் ஓர் எண்ணை எடுத்துக்கொள்கிறது. இதற்கு 'சீட்' என்று பெயர். அந்த எண்ணை வைத்துத்தான் எந்த அறை எங்கே, எந்தப் பெட்டியில் என்ன என்பதெல்லாம் கணக்கிடப்படும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரைபடம் வரும். கூட்டாட்டத்தில் அறையைத் திறந்தவரின் கணினி தேர்ந்த வரைபடத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஒருவரிடம் பழைய பதிப்போ, கேமை மாற்றியமைக்கும் கூடுதல் மாட்களோ இருந்தால் கணக்கு ஒத்துவராமல் இணைப்பு அறுந்துவிடும், அல்லது ஒருவருக்குத் தெரியும் பெட்டி இன்னொருவருக்குத் தெரியாது. உட்காரும் முன் எல்லோரும் ஒரே பதிப்பில் இருக்கிறீர்களா என்று பார்ப்பது அதனால்தான்.

எதில் தொடங்கலாம்

பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவதா, இணையத்தில் ஆடுவதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 2016-இல் வந்த என்டர் தி கஞ்சன் ஒரே திரையில் இரண்டு பேர் ஆடுவது. இரண்டாமவருக்குக் கல்டிஸ்ட் என்ற பாத்திரம்தான், வேறு தேர்வு கிடையாது. தி பைண்டிங் ஆஃப் ஐசக்கில் 2021-இல் வந்த ரிபென்டன்ஸ் விரிவாக்கத்துக்குப் பிறகு ஒரே திரையில் நாலு பேர் முழுப் பாத்திரங்களாக ஆடலாம். ரிஸ்க் ஆஃப் ரெயின் 2, கன்ஃபயர் ரீபார்ன் இரண்டிலும் நாலு பேர் வரை இணையத்தில் சேரலாம், அவரவருக்கு அவரவர் திரை. ஸ்பெலங்கி 2-இல் பக்கத்திலும் ஆடலாம், இணையத்திலும் ஆடலாம். துப்பாக்கியைவிடக் குதிப்புதான் அதில் அதிகம். ஆனால் உங்கள் அடி நண்பர்மேலும் படும், உங்கள் வெடிகுண்டு நண்பரையும் கொல்லும். அதனால் புதியவர்கள் அதில் தொடங்குவது வீண் மனக்கசப்பு.

இரண்டு பேர் என்றால் என்டர் தி கஞ்சன், நாலு பேர் என்றால் ரிஸ்க் ஆஃப் ரெயின் 2. தொடங்குவதற்கு இந்த இரண்டும் போதும். கீழே உள்ள எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இவற்றிலிருந்துதான்.

ஒரே திரையில் மட்டும் ஆடக்கூடிய கேமைத் தூரத்தில் இருப்பவரோடு ஆட ஒரு வழி உண்டு. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் 2019 முதல் இருக்கும் 'ரிமோட் ப்ளே டுகெதர்' வசதியில் ஒருவரிடம் மட்டும் கேம் இருந்தால் போதும். அவர் கணினியில் ஓடும் கேமின் படம் வீடியோவாக மற்றவர்களுக்குப் போகும். மற்றவர்கள் அழுத்தும் பொத்தான்கள் அவர் கணினிக்கு வரும். வசதியானதுதான். ஆனால் அதில் தாமதம் எங்கே புகுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

தாமதம்: குண்டு பட்டபின் தெரியும் குண்டு

விநாடிக்கு 60 படம் ஓடும் கேமில் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி. உங்கள் பிங், அதாவது தகவல் இணையத்தில் போய்த் திரும்பும் நேரம், 100 மில்லி விநாடி என்றால் ஆறு படங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள். திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒன்றரை விநாடியில் போகும் குண்டு, அந்த 100 மில்லி விநாடியில் திரையின் பதினைந்தில் ஒரு பங்கு நகர்ந்திருக்கும். நம் பாத்திரத்தின் உடலைவிட அது பெரிய தூரம். "நான் விலகிட்டேனே, எப்படிப் பட்டுச்சு?" என்ற கேள்விக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

இணையத்துக்கென்றே கட்டப்பட்ட கேம்களில் உங்கள் பாத்திரம் உங்கள் கணினியிலேயே நகர்கிறது. நண்பர்களும் எதிரிகளும்தான் கொஞ்சம் துள்ளித் துள்ளித் தெரிவார்கள். ரிமோட் ப்ளேயில் அப்படியில்லை. நீங்கள் அழுத்தியது போய், அங்கே படமாகி, சுருக்கப்பட்டுத் திரும்பி வரும்வரை உங்கள் பாத்திரமே அசையாது. ஆகவே அந்த முறையில் ஆடும்போது, குண்டு நெருங்கியபின் உருளுவதை விட்டு, எதிரி சுடத் தயாராகும் அசைவைப் பார்த்ததுமே உருளப் பழகவேண்டும்.

ஹோஸ்டாக, அதாவது ஆட்டத்தைத் தன் கணினியில் நடத்துபவராக, யார் இருக்கவேண்டும்? வேகமான கணினி வைத்திருப்பவரைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். அதைவிட முக்கியம் அப்லோட் வேகம். ரிமோட் ப்ளேயில் ஒருவருக்கு அனுப்ப விநாடிக்கு 10 மெகாபிட் வேண்டுமென்று வைத்துக்கொண்டால் மூன்று பேருக்கு 30. அது இல்லையென்றால் அமைப்பில் படத்தின் தெளிவை 1080-இலிருந்து 720 ஆகக் குறையுங்கள்; படம் கொஞ்சம் மங்கும், ஆட்டம் ஓடும். ஹோஸ்ட் வைஃபையை விட்டு கேபிளில் இணைவது மற்ற எல்லாத் திருத்தங்களையும்விடப் பலன் தரும். வைஃபை தாமதத்தின் சராசரி குறைவாக இருந்தாலும் நடுநடுவே திடீரென்று எகிறும். எகிறும் அந்த அரை விநாடியில்தான் சாவு வரும்.

ஆள் கூடினால் எதிரியும் கூடுகிறான்

நாலு பேர் வந்தால் ஆட்டம் சுலபமாகிவிடும் என்று தோன்றும். கேமை உருவாக்கியவர்களுக்கு அது தெரியாதா? ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப எதிரிகளின் பலமும் எண்ணிக்கையும் ஏறும்.

ரிஸ்க் ஆஃப் ரெயின் 2-இல் கடினத்தைத் தீர்மானிக்கும் உள்கணக்கு ஒன்று இருக்கிறது. ஒருவர் ஆடினால் அது 1-இல் தொடங்கும். கூடுதலாக வரும் ஒவ்வொருவருக்கும் 0.3 சேரும். நாலு பேர் என்றால் 1.9. அதன்மேல் ஒவ்வொரு நிமிடமும் கொஞ்சம் ஏறும். ஒரு நிலையைக் கடந்ததும் மொத்தமும் 1.15 மடங்காகும். நாலு பேரின் சுடும் பலத்துக்கு எதிராக இரண்டு மடங்குகூட இல்லையே, லாபம்தானே என்று தோன்றலாம். லாபம்தான், நாலு பேரும் உயிரோடு இருக்கும்வரை. ஒருவர் செத்துவிட்டால் இந்த எண் இறங்காது. நாலு பேருக்கென்று அளக்கப்பட்ட எதிரிகளை மூன்று பேர் சமாளிக்கவேண்டும். இன்னொருவரும் போனால் இரண்டு பேர். முழுக் குழுவும் அழிவது பெரும்பாலும் இப்படித்தான்: முதல் சாவுக்கும் கடைசிச் சாவுக்கும் நடுவே ஒரு நிமிடம்கூட இருக்காது.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். அந்த கேமில் ஒவ்வொரு நிலையிலும், அடுத்த நிலைக்கு அனுப்பும் டெலிபோர்ட்டர் என்ற கருவியைக் கண்டுபிடித்து இயக்கவேண்டும். இயக்கியதும் பாஸ், அதாவது அந்த நிலையின் பெரிய எதிரி, வரும். டெலிபோர்ட்டரைச் சுற்றிச் சிவந்த பெரிய வட்டம் ஒன்று தோன்றும். அதற்குள் நின்றால்தான் அது சார்ஜ் ஆகும். எல்லோரும் உள்ளே நின்றால் 90 விநாடி. உயிரோடு இருக்கும் நாலு பேரில் இருவர் மட்டும் உள்ளே நின்றால் வேகம் பாதியாகி 180 விநாடி ஆகும். "நீங்க பாஸைப் பாருங்க, நான் அந்தப் பக்கம் ஒரு பெட்டி திறந்துட்டு வரேன்" என்று ஒருவர் போனால், மற்ற மூவரும் கூடுதலாக அரை நிமிடம் அந்தக் குண்டு மழையில் நிற்கிறார்கள். இந்த விதி தெரியாததால்தான் பல குழுக்களில் போனவர்மேல் கோபமும் வருவதில்லை. சார்ஜ் ஏன் மெதுவாக ஏறுகிறது என்றே தெரியாமல் சாகிறார்கள்.

அதனால் ஒரு நிலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் சிதறிப் பெட்டி தேடுவது. வரைபடத்தை நாலு மூலையாகப் பிரித்து ஆளுக்கொரு மூலை. டெலிபோர்ட்டரைப் பார்த்தவர் இயக்காமல் பிங் (இங்கே இடத்தைக் காட்டும் குறி) மட்டும் போடவேண்டும். கணினியில் மவுஸின் நடுப்பொத்தானை அழுத்தினால் எல்லோர் திரையிலும் அந்த இடம் குறிக்கப்படும். பெட்டிகள் தீர்ந்ததும் நாலு பேரும் வட்டத்துக்கு வந்தபிறகு "எல்லாரும் உள்ளே, ஆரம்பிக்கவா?" என்று கேட்டுவிட்டு இயக்கவேண்டும். மொத்தம் ஒரு நிலைக்கு ஐந்து நிமிடம் என்பது பழகியவர்கள் பின்பற்றும் அளவு. எட்டு, ஒன்பது நிமிடம் என்று நீட்டினால் கூடுதலாகக் கிடைக்கும் ஓரிரு பெட்டிகளைவிட எதிரிகள் வேகமாக வளர்ந்துவிடுவார்கள்.

காசைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த கேமில் எதிரியை யார் கொன்றாலும் காசு உயிரோடிருக்கும் எல்லோருக்கும் சமமாகப் பிரிகிறது. கொலைக்குப் போட்டி போடவேண்டிய தேவையே இல்லை.

பொருள் யாருக்கு? உண்மையான ஆட்டம் இங்கேதான்

ஒரு ரனில் கிடைக்கும் ஐட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து உருவாக்கும் அமைப்புக்கு 'பில்ட்' என்பார்கள். சமமாகப் பிரித்துக்கொள்வதுதான் நியாயம் என்று நண்பர்கள் நினைப்பது இயல்பு. ரனுக்கு அது நல்லதல்ல. ஒரே பொருள் இரண்டு கைகளில் இரண்டு விதமாக வேலை செய்யும். எண்களை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும்.

ஒருவரிடம் கனத்த துப்பாக்கி: குண்டுக்கு 30 சேதம், விநாடிக்கு 2 குண்டு, மேகசினில் 6 குண்டு, ரீலோடுக்கு 1.5 விநாடி. மூன்று விநாடி சுட்டு 180 சேதம், பிறகு ஒன்றரை விநாடி சும்மா. 180-ஐ 4.5-ஆல் வகுத்தால் விநாடிக்கு 40.

இன்னொருவரிடம் வேகத் துப்பாக்கி: குண்டுக்கு 8 சேதம், விநாடிக்கு 6 குண்டு, மேகசினில் 30, ரீலோடுக்கு 1 விநாடி. ஐந்து விநாடியில் 240 சேதம், ஆறு விநாடிக்கு ஒரு சுற்று. இதுவும் விநாடிக்கு 40.

இப்போது பெட்டியில் "ஒவ்வொரு குண்டுக்கும் கூடுதலாக 4 சேதம்" என்ற ஐட்டம் வருகிறது. கனத்த துப்பாக்கிக்காரர் எடுத்தால் குண்டுக்கு 34, சுற்றுக்கு 204, விநாடிக்கு 45.3. வேகத் துப்பாக்கிக்காரர் எடுத்தால் குண்டுக்கு 12, சுற்றுக்கு 360, விநாடிக்கு 60! ஐந்து கூடுவதற்குப் பதில் இருபது கூடுகிறது. அடுத்த பெட்டியில் "ரீலோட் ஒன்றரை மடங்கு வேகம்" வந்தால் கதை திரும்புகிறது. கனத்த துப்பாக்கியின் ரீலோட் 1 விநாடியாகி விநாடிக்கு 45 கிடைக்கும். முதலில் பார்த்த வேகத் துப்பாக்கிக்கோ 42-க்குச் சற்று மேல்தான். ஆக முதலாவது வேகத் துப்பாக்கிக்காரருக்கு, இரண்டாவது கனத்த துப்பாக்கிக்காரருக்கு. முதலில் ஓடி வந்தவர் எடுத்துக்கொள்வது என்ற முறையில் இது நேர்மாறாக நடந்தால், விநாடிக்குச் சுமார் 17 சேதத்தைக் குழு கீழே போட்டுவிட்டுப் போகிறது என்று அர்த்தம்.

கணக்குப் போட நேரமில்லாதபோது இந்தச் சுருக்கம் போதும்: ஒவ்வொரு குண்டுக்கும் ஏதாவது தருவது (கூடுதல் சேதம், தீ, விஷம், மின்னல்) அதிகக் குண்டு விடுபவருக்கு. சதவீதக் கணக்கில் பெருக்குவது பெரிய குண்டு விடுபவருக்கும் சரி, யாருக்கும் சரி. ரீலோட் சம்பந்தப்பட்டது சின்ன மேகசின்காரருக்கு. ஹெல்த் தருவது முன்னால் நின்று அடி வாங்குபவருக்கு. ஹெல்த் குறைவாக இருக்கிறது என்று பின்னால் நின்று சுடுபவருக்குக் கொடுத்தால் அது பயன்படாமலேயே கிடக்கும்.

அடுத்தது, ஒரே ஐட்டத்தை ஒருவரிடம் குவிப்பதா, பரப்புவதா. ரிஸ்க் ஆஃப் ரெயின் 2-இல் லென்ஸ் மேக்கர்ஸ் கிளாசஸ் ஒவ்வொன்றும் கிரிட்டிக்கல் அடிக்கு, அதாவது வழக்கத்தைவிடப் பலமாக விழும் அடிக்கு, 10 சதவீத வாய்ப்பைக் கூட்டும். பத்து சேர்ந்தால் ஒவ்வொரு அடியும் கிரிட்டிக்கல். பதினோராவது கண்ணாடி வீண். அது அடுத்தவருக்குப் போகவேண்டும். டஃபர் டைம்ஸ் என்ற கரடி பொம்மை வேறு மாதிரி. வரும் அடியைத் தடுக்கும் வாய்ப்பை அது தருகிறது, ஆனால் எண்ணிக்கை கூடக்கூடப் பலன் தேயும். முதல் பொம்மை சுமார் 13 சதவீதம் தரும். இரண்டு இருந்தால் 23. ஐந்துக்கு 43. பத்துக்கு 60. ஒன்பதிலிருந்து பத்தாவதுக்குப் போகும்போது கிடைப்பது இரண்டரை சதவீதம்தான்! அதே பொம்மையை ஒன்றும் இல்லாத நண்பரிடம் கொடுத்தால் 13. சுடும் வேகம் கூட்டும் சோல்ஜர்ஸ் சிரிஞ்ச் ஒவ்வொன்றும் 15 சதவீதம் என்று நேராகக் கூடிக்கொண்டே போகும். அதை ஒருவரிடம் குவிக்கலாம். நேராகக் கூடுவதைக் குவியுங்கள், தேய்வதைப் பரப்புங்கள், உச்சவரம்பு உள்ளதை எண்ணிக்கொண்டே இருங்கள்.

அந்த கேமில் சாதாரண ஐட்டங்களை எடுக்கப் பொத்தான் அழுத்த வேண்டியதில்லை, மேலே நடந்தாலே கைக்கு வந்துவிடும் என்பது புதியவர்களுக்குப் பெரிய இடைஞ்சல். இன்னொருவர் தன் காசில் திறந்த பெட்டியின் பொருளை ஓடும் வேகத்தில் மிதித்துவிடுவார்கள், வேண்டுமென்றே எடுத்ததாகச் சண்டை வரும். பெட்டி திறப்பவர் அதன் முகப்பிலேயே நிற்கவேண்டும். மற்றவர்கள் நாலு அடி தள்ளி நிற்கவேண்டும். பாஸை முடித்ததும் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப ஐட்டங்கள் டெலிபோர்ட்டரைச் சுற்றித் தெறிக்கும். ஆளுக்கு ஒன்று என்பதுதான் அங்கே எழுதப்படாத ஒழுங்கு. எதிரிகள் தீர்ந்தபிறகு நின்று, யாருக்கு எது பொருந்தும் என்று பேசிவிட்டு எடுக்கப் பத்து விநாடி போதும்.

செத்தவரை மீட்பது

கேமுக்கு கேம் விதி மாறும் இடம் இது. உட்காரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ரிஸ்க் ஆஃப் ரெயின் 2-இல் செத்தவர் அடுத்த நிலையில் தானாக எழுந்துவிடுவார். ஆகவே மிஞ்சியவர்களின் ஒரே கடமை சாகாமல் சார்ஜை முடிப்பது. ஸ்பெலங்கியில் அடுத்த நிலையில் எங்கோ ஒரு சவப்பெட்டி இருக்கும், அதை உடைத்தால் நண்பர் வெளியே வருவார். என்டர் தி கஞ்சனில் ஒரு பெட்டியைத் திறந்தால் அதிலிருந்து துப்பாக்கிக்குப் பதில் நண்பர் எழுந்து வருவார். ஆக ஒரு சாவின் விலை ஒரு பெட்டி. அந்த கேமில் பெட்டிகளின் நிறமே தரத்தைச் சொல்லும்; பழுப்பு நிறம்தான் கடைசித் தரம். திறக்காமல் விட்ட பழுப்புப் பெட்டி எங்கே இருந்தது என்று நினைவிருந்தால் அங்கே போய் மீட்பதே சிக்கனம்.

விழுந்தவரைப் பக்கத்தில் போய்ப் பொத்தானை அழுத்திப் பிடித்து எழுப்பும் கேம்களில் நடக்கும் தவறு எப்போதும் ஒன்றேதான். நண்பர் விழுந்த இடத்தில் அவரை வீழ்த்திய எதிரி இன்னும் நிற்கிறான் என்பதை மறந்து எல்லோரும் அங்கே ஓடுகிறார்கள். எழுப்பும் அந்த மூன்று நான்கு விநாடி நீங்கள் சுடவும் முடியாது, உருளவும் முடியாது. முதலில் அந்த இடத்தை நோக்கிச் சுடும் எதிரிகளை முடியுங்கள். பிறகு ஒருவர் எழுப்ப, இன்னொருவர் எதிர்ப்பக்கம் நின்று சுட்டு எதிரிகளின் கவனத்தைத் தன் பக்கம் இழுக்கட்டும். விழுந்தவர் செய்யவேண்டியதும் உண்டு: அவர் திரை இப்போது ஓய்வாக இருக்கிறது, மற்றவர்கள் பார்க்காததை அவர் பார்க்கலாம். "வராதே, பின்னால ரெண்டு பேர் இருக்கான்" என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை இன்னொரு சாவைத் தடுக்கும்.

உருளுதலும் நிற்கும் இடமும்

உருளும்போது அடி படாது என்று பொதுவாகச் சொல்வார்கள். முழு உருளலுக்கும் அது பொருந்தாது. என்டர் தி கஞ்சனில் உருளலின் முதல் பாதியில், கால் தரையில் படாதிருக்கும்போது மட்டுமே பாதுகாப்பு. தரையில் புரளும் பின்பாதியில் குண்டு பட்டால் பட்டதுதான். புதியவர்கள் குண்டைவிட்டு விலகப் பார்த்து, குண்டு போகும் திசையிலேயே உருளுவார்கள். குண்டும் கூடவே வரும், பாதுகாப்பு முடிந்ததும் வந்து படும். குண்டைக் குறுக்காகவோ அதை நோக்கியோ உருண்டால் அரை விநாடியில் அது உங்களைக் கடந்து போயிருக்கும். மனம் ஒப்பாது, கை பழகவேண்டும். முதல் நிலையில் ஹெல்த் போனாலும் பரவாயில்லை என்று இதை மட்டும் ஒரு பத்து நிமிடம் பழகுங்கள்.

கூட்டாக ஆடும்போது இதோடு நிற்கும் இடமும் சேர்கிறது. குறிபார்த்துச் சுடும் எதிரி யாராவது ஒருவரைத்தான் குறிவைப்பான். இருவரும் ஒட்டி நின்றால் ஒருவருக்கு வரும் குண்டு இருவருக்கும் வரும். இருவரும் ஒரே பக்கம் உருண்டு ஒரே மூலையில் மாட்டுவார்கள். எதிரியை நடுவில் வைத்துக் கடிகார முகத்தில் ஒருவர் பன்னிரண்டிலும் மற்றவர் மூன்றிலும் நிற்பதுபோல் விலகி நின்றால், குண்டுகள் இரண்டு திசையில் பிரியும், குறி யார் மேல் இல்லையோ அவர் நிதானமாகச் சுடலாம். குறி மாறியதும் வேலையும் மாறவேண்டும். நேரெதிர் முனைகளில் நிற்காதீர்கள். நண்பரைத் தாக்கி வரும் குண்டுகளில் தவறியவை எல்லாம் உங்கள் பக்கம் வரும்.

கதவுகள் பூட்டிக்கொள்ளும் அறைகளுக்கு முன்னால் நின்று மூன்றைப் பாருங்கள்: எல்லோருக்கும் மேகசின் நிறைந்திருக்கிறதா, யாருக்காவது ஹெல்த் குறைவா, எல்லோரும் வந்தாயிற்றா. காண்ட்ராவின் அருவி நிலை இங்கேயும் திரும்பி வருகிறது. முன்னால் போகிறவர் தன் அவசரத்துக்குக் கதவைத் திறந்தால் பின்னால் கடையில் நிற்பவர் காலி மேகசினோடு சண்டைக்குள் இழுக்கப்படுவார்.

பேச்சு

நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் யார் சொல்வதும் காதில் விழாது. சண்டை நடக்கும்போது மூன்று வகைப் பேச்சு மட்டும் போதும்: எங்கே ஆபத்து, யாருக்கு ஹெல்த் இல்லை, யார் ரீலோட் செய்கிறார். "ஐயோ ஐயோ" என்பதற்குப் பதில் "ஹெல்த் இருபது, பின்னால போறேன்" என்றால் மற்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியும். ஒரே திரையில் ஆடினால் இடது வலது என்று சொல்லலாம். ஆளுக்கொரு திரை உள்ள முப்பரிமாண கேமில் உங்கள் இடது அவருக்கு வலதாக இருக்கும். அங்கே இடது வலதை மறந்துவிட்டு "பெரிய பாறைக்கு மேல", "டெலிபோர்ட்டருக்குப் பின்னால" என்று பொருளை வைத்துச் சொல்லுங்கள், முடிந்தால் பிங் போடுங்கள்.

ஒரே திரை ஆட்டத்தில் பாதி நேரம் "நான் எங்கே இருக்கேன்?" என்பதிலேயே போய்விடும். பாத்திரங்களின் நிறம் ஒன்றோடொன்று சேராதபடி தேர்ந்தெடுங்கள். அமைப்பில் திரை அதிர்வைக் குறைக்கும் வசதி இருந்தால் குறையுங்கள், நண்பர்களின் குண்டுகளை மங்கலாகக் காட்டும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். பில்ட் பெரிதாகும்போது திரையில் பறப்பவற்றில் பத்தில் ஒன்பது நம் பக்கத்துக் குண்டுகள்தான். எதிரியின் குண்டை அவை மறைத்துவிடும்.

முதல் நாள்

இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் ரனில் ஜெயிப்பதை யோசிக்கவே வேண்டாம். பொத்தான்கள், உருளல், பிங் இவை மட்டும். இரண்டாவது ரனில் ஒரு விதி சேருங்கள்: பெட்டியில் என்ன வந்தாலும் எடுப்பதற்கு முன் வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஆட்டம் மெதுவாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ரனில் நிலைக்கு ஐந்து நிமிடம் என்ற கடிகாரத்தை ஒருவர் கவனிக்கட்டும். சுலபமான கடின அளவைத் தேர்ந்தெடுப்பதில் வெட்கமே வேண்டாம். ரிஸ்க் ஆஃப் ரெயின் 2-இல் அதன் பெயர் டிரிசில். நாலாவது ஐந்தாவது நிலைகளை ஒருமுறையாவது கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் முதல் நிலையில் எதைச் சேர்க்கவேண்டும் என்பது புரியத் தொடங்கும்.

குழுவில் ஒருவர் மட்டும் ஏற்கெனவே நூறு மணி நேரம் ஆடியவராக இருந்தால் ஒரு தனிச் சிக்கல் வரும். அவர் முன்னால் ஓடுவார், எல்லாவற்றையும் கொல்வார், மற்ற மூவரும் பின்னால் நடந்து வந்து காலி அறைகளைப் பார்ப்பார்கள். அவருக்கும் சலிக்கும், இவர்களுக்கும் சலிக்கும். அவருக்குப் பழக்கமில்லாத பாத்திரத்தைக் கொடுங்கள். பெட்டி பிரிக்கும் முடிவுகளில் அவர் கடைசியாகப் பேசட்டும். "இதை எடு" என்று சொல்லாமல், இந்த ஐட்டம் என்ன செய்யும் என்று மட்டும் சொல்லட்டும். மற்றவர்கள் தவறாக எடுத்துச் செத்தால் அடுத்த முறை அவர்களே சரியாக எடுப்பார்கள்.

ரன் முடிந்ததும் வரும் கணக்குத் திரையை அவசரமாக மூடாதீர்கள். முதலில் விழுந்தவர் யார், அவரைக் கொன்றது எது, அந்த நேரத்தில் மற்ற மூவரும் எங்கே நின்றார்கள் என்று பாருங்கள். கடைசியில் செத்தவரின் சாவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், ஆனால் ரன் முறிந்தது முதல் சாவில். அதற்கான மாற்றம் ஒன்றே ஒன்றை, "அடுத்த தடவை பாஸ் வரும்போது நான் உன்னைவிட்டுத் தள்ளிப்போக மாட்டேன்" என்பதுபோல ஒரு வாக்கியத்தில் பேசி முடித்துவிட்டு, உடனே அடுத்த ரனைத் தொடங்குங்கள்.